மேசையில் மிஞ்சிய எஃகுக் குண்டு

மாணவர்களே, ஒரு பொருளைக் கழற்றி மீண்டும் பூட்டிய பிறகு ஏதோ ஒரு சிறு பாகம் மேசையில் மிஞ்சிக் கிடந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? சைக்கிள், மின்விசிறி, சுவர்க் கடிகாரம் என எதுவாகவும் இருக்கலாம். "ஓடத்தானே செய்கிறது, இது தேவையில்லாத பாகம் போலும்" என்று அதை இழுப்பறையில் போட்டுவிடுவோம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.

குளுவாங்கில் அப்பாவிடம் ஒரு பழைய டட்சன் 120ஒய் கார் இருந்தது. 1171 சிசி இயந்திரம் கொண்டது. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்த புதிதில், அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, நானே திரும்பப் பூட்டினேன். முடிவில் மிளகைவிடச் சிறிய எஃகுக் குண்டு ஒன்றும், சிறு உலோகத் துண்டு ஒன்றும் மிஞ்சின. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் முச்சந்தியில் காரைத் திருப்ப அப்பா எக்ஸலரேட்டரை மிதித்தார். பாய வேண்டிய கார் சாலை நடுவே திணறி நின்றது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. அதன் ஓட்டுநர் சரியான நேரத்தில் பிரேக்கை அழுத்தியதால் பிழைத்தோம். அப்பா திட்டவில்லை. "நேத்து ஏதாவது மிஞ்சுச்சாடா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குண்டு என்ன செய்கிறது? கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் பெட்ரோல் மேலே இழுக்கப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பெர்னோலி தத்துவம் இதுதான். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எக்ஸலரேட்டரைத் திடீரென மிதித்தால் காற்று உடனே பாய்ந்து வரும். அதைவிடக் கனமான பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு சிறு பம்ப் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பெட்ரோல் வெளியே போகலாம், ஆனால் திரும்பி வரக் கூடாது, காற்றும் உள்ளே புகக் கூடாது. அதைத் தடுக்கும் ஒருவழிக் கதவுதான் அந்தக் குண்டு. நம் இதயத்தில் வால்வுகள் செய்வதும் இதே வேலைதான். கூடவே மிஞ்சிய உலோகத் துண்டு குண்டின்மேல் உட்காரும் எடை. மிதிக்காத நேரத்தில் காற்றின் இழுப்பால் குண்டு எழும்பிப் பெட்ரோல் வீணாகாதபடி அது அழுத்திப் பிடிக்கிறது.

இந்த அறிவியல் எல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒருவழி வால்வு என்று தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் பெயர் ஒட்டாமல் கையில் கிடைத்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. நம் வகுப்பறைகளின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதிய படத்தையே காட்டுகிறோம், அதையே மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பட்டறை மேசைக்கு வரும் பாகங்களில் அம்புக்குறி இருப்பதில்லை.

"கைப்பேசியில் படமெடுத்துத் தேடினால் போதாதா?" என்பீர்கள். தேடுங்கள், தவறில்லை. ஆனால் ஒரே வடிவிலுள்ள இரண்டு பித்தளை ஜெட்டுகளைப் படம் பிரித்துக் காட்டாது. துளைதான் வேறுபாடு. பல கார்புரேட்டர்களில் ஜெட்டின்மேல் உள்ள எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்லும். 100 என்றால் 1.00 மில்லிமீட்டர், 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் துளையின் பரப்பளவு 21 விழுக்காடு கூடிவிடும். சில நிறுவனங்களின் எண்ணோ விட்டத்தைக் குறிக்காது, பாயும் அளவைக் குறிக்கும். ஆகவே எண்ணைப் படித்தால் மட்டும் போதாது, அது எதை அளக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் அதிகம் ஓடிய மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது எஸ்யூ வகைக் கார்புரேட்டர். அதன் சுருள்வில்லில் வண்ணம் பூசியிருப்பார்கள். சிவப்பு என்றால் 4.5 அவுன்ஸ், மஞ்சள் என்றால் 8 அவுன்ஸ். குறிப்பிட்ட நீளத்துக்கு வில்லை அமுக்கத் தேவையான சுமை அது. சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்தால் வண்ணம் போய்விடும், அடையாளமும் போய்விடும். ஆனால் ஹூக் விதி போகாது. வில்லின்மேல் எடையை வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால் சிவப்பா மஞ்சளா என்பது தெரிந்துவிடும்.

பெரிய ஆய்வாளர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். 1901இல் கிரேக்கத்தின் அன்டிகித்தெரா தீவருகே, கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து துருவேறிய வெண்கலத் துண்டுகள் கிடைத்தன. பின்னாளில் எக்ஸ்-கதிர்ப் படங்களின் உதவியால் அதிலுள்ள ஒரு பற்சக்கரத்துக்கு 223 பற்கள் எனக் கணக்கிட்டார்கள். கிரகணங்கள் ஏறக்குறைய 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வருகின்றன. அந்தச் சக்கரத்தின் வேலை அப்படித்தான் புரிந்தது.

"இப்போது கார்களில் கார்புரேட்டரே இல்லையே" என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரத்திலும் பழைய கப்சாய் மோட்டாரிலும் அது இன்னும் இருக்கிறது. பழைய கார்களின் பாகங்களைத் தொட்டே சொல்லிவிடும் மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. அவர்களிடம் கேட்டுக் கற்க நமக்கு அதிக காலம் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு பழுதான, பெட்ரோல் முழுவதும் வடித்துக் காயவைத்த கார்புரேட்டரை ஆசிரியர் முன்னிலையில் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பே படமெடுங்கள். பிறகு பெயரைத் தேடாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே உட்கார்ந்திருந்தது? எதைத் தொட்டது? காந்தம் ஒட்டுகிறதா? அளவு என்ன? ஜெட்டின் துளையில் மட்டும் இரும்புக் கம்பியை நுழைக்காதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்.

அன்று மாலை இழுப்பறையைத் துழாவி அந்தக் குண்டையும் எடையையும் எடுத்தேன். அப்பா டார்ச்லைட் பிடிக்க, மீண்டும் கழற்றிப் பூட்டினேன். இந்த முறை எதுவும் மிஞ்சவில்லை என்று இருவரும் மேசையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே சாவியைத் திருப்பினோம்.