ரத்தத்தில் ஒன்றும் இல்லை

பேஸ் கிட்டார் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "டெக்னிக் சொல்லித்தரலாம், க்ரூவ் சொல்லித்தர முடியாது. அது ரத்தத்துல இருக்கணும்." சொல்லிவிட்டு ஒரு ஞானியைப்போல மௌனமாகிவிடுவார். சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுவார்கள். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் தீராத கோபம் உண்டு. அது பொய் என்பது ஒரு காரணம்தான். மரியாதை செய்வதுபோல நடித்துக்கொண்டு ஒருவரின் உழைப்பைத் திருடுகிற பொய் அது என்பதே பெரிய காரணம்.

முதலில் க்ரூவ் என்றால் என்ன? பாட்டு கேட்கும்போது உங்களைக் கேட்காமலே கால் ஆடத் தொடங்குகிறதே, அந்த இழுப்புக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து உண்டாக்குவது. தமிழில் இதற்கு மிக அருகில் வரும் சொல் 'நடை' என்று நினைக்கிறேன். கர்நாடக சங்கீதத்தில் சதுஸ்ர நடை, திஸ்ர நடை என்பது ஓர் அடியை எத்தனை கூறாகப் பிரிக்கிறோம் என்பதைக் குறிக்கும். 'அவன் நடையே தனி' என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் பொருளையும் அதோடு சேர்த்துக்கொண்டால் க்ரூவ் வந்துவிடும். நடை யாருக்கும் பிறக்கும்போதே வருவதில்லை. எல்லாக் குழந்தையும் விழுந்து எழுந்துதான் கற்கிறது. கற்று முடித்த பிறகு கற்றதே மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

ரத்தக் கட்சிக்காரர்கள் எப்போதும் இழுத்துவரும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரத்தின் மோட்டவுன் நிறுவனத்தில் அறுபதுகளில் பதிவான எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார் என்பதைப் புராணம்போலச் சொல்வார்கள். "பார்த்தீங்களா, ஒத்த விரல்! பிறவி மேதை!" சரி. ஆனால் அவர் பள்ளியில் படிக்கும்போதே டபுள் பேஸ் கற்றவர், டெட்ராய்ட் கிளப்புகளில் ஜாஸ் வாசித்துத் தேறியவர் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? மின்சார பேஸ் அவர் கைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கைகள் பல வருஷம் கூலிக்கு உழைத்திருந்தன. அறுபதுகளின் பெரும்பகுதியில் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் அச்சாகவில்லை. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தில்தான் அந்த மரியாதை கிடைத்தது. பெயரைப் போடாமல் வேலை வாங்கிய உலகம், அவர் 1983இல் இறந்த பிறகு, 'அது அவர் ரத்தத்தில் இருந்தது' என்று சொல்லிக் கணக்கை முடித்துக்கொள்கிறது. ரத்தத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

ஜேமர்சனின் ஃபெண்டர் பிரெஸிஷன் பேஸில் என்ன இருந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தந்திகள் முடியும் பாலத்தின் மேல் ஒரு உலோக மூடி. அதற்கடியில் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு நுரைப்பஞ்சுத் துண்டு. தந்திகளோ தட்டையான மேற்பரப்புள்ள கனமான ரகம், அதையும் லேசில் மாற்ற மாட்டார். இதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை என்ன? சுரம் நீண்டு ஒலிக்காமல் சீக்கிரம் அடங்குகிறது. பக்கத்துச் சுரத்தின் மேல் வழியாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. அந்தப் பஞ்சு ஒரு தீர்மானம். எந்த ரத்தத்திலும் பஞ்சு ஓடுவதில்லை.

பேஸ் கற்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. க்ரூவின் பாதி, சுரத்தை எப்போது தொடங்குகிறோம் என்பதில். மீதிப் பாதி, எப்போது நிறுத்துகிறோம் என்பதில். முதல் பாதியை எல்லோரும் பயிற்சி செய்கிறார்கள். இரண்டாவது பாதியை யாரும் சீண்டுவதில்லை. நம் சங்கீதத்தில் இதற்குக் 'கார்வை' என்று அழகான சொல்லே இருக்கிறது. ஒரு சுரமோ சொல்லோ எவ்வளவு நேரம் நின்று நீள்கிறது என்கிற கணக்கு அது. இணையத்தில் கிடைக்கும் 'டேப்' என்ற எண் குறிப்புகளைப் பாருங்கள். எந்தத் தந்தி, எத்தனையாவது ஃப்ரெட் என்பது இருக்கும். பெரும்பாலானவற்றில் கார்வை இருக்காது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும், எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லாது. இதை நம்பி நூறு பாட்டுக்கு பேஸ் 'தெரிந்து' வைத்திருப்பவர், வழி தெரிந்தும் நடக்கத் தெரியாதவர்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஒரே சுரத்தை நாலு அடிக்கு நாலு தடவை வாசியுங்கள். முதல் முறை ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த அடி வரை நீள விடுங்கள். அடுத்த முறை பாதியில் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி அடக்குங்கள். மூன்றாம் முறை, டிரம்ஸில் ஸ்னேர் விழும் இடத்தில் கச்சிதமாக நிறுத்துங்கள். அதே சுரம், அதே வேகம், மூன்று வேறு பாட்டு. 1979இல் ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் செய்ததைக் கேளுங்கள். ஒரே சுரம் மூன்று அடிக்கு, பிறகு ஒரு இடைவெளி, அதற்கப்புறம்தான் ஓட்டம். அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவனின் கால் தரையில் விழுகிறது. அதே வருஷம் அந்த பேஸ் வரியின் மேல்தான் 'ராப்பர்ஸ் டிலைட்' எழுந்தது.

இனி நேரம். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன், அதனால் எங்கள் தொழிலிலிருந்து ஒரு உதாரணம். இணையத்தில் பேசும்போது குரல் எப்போதும் ஒரே அளவு தாமதமாக வந்தால், அது சிறிதாக இருக்கும்வரை, நமக்குப் பழகிவிடும். அது லேட்டன்ஸி. அந்தத் தாமதம் ஒரு நேரம் பத்து மில்லி விநாடி, அடுத்த நேரம் எண்பது என்று அலைந்தால் பேச்சே நொறுங்கிவிடும். அது ஜிட்டர். 'பீட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி வாசி, அதுதான் க்ரூவ்' என்று புதிதாகக் கற்கிறவனுக்கு உபதேசம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். தேர்ந்த கலைஞர் பின்னால் வாசித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் பின்னால் இருப்பார். பழகாதவர் பின்னால் வாசித்தால் அது வெறும் ஜிட்டர். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் எளிய தாளங்களில் நுண்ணிய நேர விலகல்களைச் செயற்கையாகச் சேர்த்துக் கேட்க வைத்தார்கள். க்ரூவ் கூடியது என்று கேட்டவர்கள் சொல்லவில்லை, பெரும்பாலும் குறைந்தது என்றே சொன்னார்கள். இடம் தெரியாதவன் இடத்தை விட்டு விலகுவதில் எந்தக் கலையும் இல்லை.

இடம் தெரிவதற்கு வழி உண்டு, அலுப்பூட்டும் வழி. மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 80இல் வைத்து நாலு அடிக்கும் சத்தம் கேட்டு வாசிப்பது முதல் வகுப்பு. அதை 40 ஆக்கி, கேட்கும் சத்தத்தை இரண்டாவது, நாலாவது அடியாக வைத்துக்கொண்டால் ஒன்றையும் மூன்றையும் நீங்களேதான் தாங்க வேண்டும். பிறகு நாலு அடிக்கு ஒரே சத்தம், அதாவது மூன்று விநாடிக்கு ஒன்று. கடைசியில் பதினாறு அடிக்கு ஒரு சத்தம். பன்னிரண்டு விநாடி கருவி உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. திரும்பி வரும்போது நீங்கள் அதன் மேல் போய் உட்கார்ந்தால், காலப்பிரமாணம் உங்களுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே வாசித்ததைப் பதிவு செய்து கேட்க வேண்டும். இதை ஒரு மாசம் செய்யாமல் 'எனக்கு க்ரூவ் வராதுங்க' என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

'அப்படியென்றால் எல்லாம் இயந்திரம்தானா, கலை எங்கே?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் 1970இல் பதினெட்டு வயதுப் பையனாகச் சேர்ந்த பூட்ஸி காலின்ஸுக்குக் கிடைத்த பாடம் இதுதான்: முதல் அடியை எனக்குக் கொடு, மற்ற வித்தையெல்லாம் அதற்கப்புறம். அதே காலத்தில் ஜமைக்காவில் பாப் மார்லியின் குழுவில் ஆஸ்டன் பேரட் பேஸ், அவர் தம்பி கார்ல்டன் டிரம்ஸ். அவர்கள் பேர்போன 'ஒன் டிராப்' தாளத்தில் டிரம்ஸின் முதல் அடி காலி, கனமெல்லாம் மூன்றாவது அடியில் விழும். ஒருவர் ஒன்றில் விழு என்கிறார், இன்னொருவர் ஒன்றை விடு என்கிறார். இரண்டுக்கும் உலகம் ஆடியது. கலை இந்தத் தேர்வில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டுமானால், ஒன்று எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நம் கற்றல் எங்கே கெட்டது என்றால் காதில். பேஸின் கனத்த தந்தியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் ஸ்பீக்கரில் அது வரவே வராது, மேல் ஒலிகளை வைத்து மூளை ஊகித்துக்கொள்கிறது. கைபேசியிலேயே பாட்டு கேட்டு, கைபேசியிலேயே பாடம் பார்த்தால், அதில் நன்றாகக் கேட்பது எதுவோ அதுதான் பெரிசாகத் தெரியும். கட்டைவிரலால் தந்தியை அறையும் ஸ்லாப் பளிச்சென்று கேட்கும், உடனே எல்லோரும் ஸ்லாப் கற்கிறார்கள். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதிக்கொடுப்பவர். எண்பதுகளின் பாடல்களில் பேஸுக்கு அவர் எழுதியதைத் தனிப் பாட்டாகவே பாடலாம். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, பாடகரை மறந்து, பேஸை மட்டும் தொடர்ந்து ஒரு பாட்டைக் கேட்டுப்பாருங்க. நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டில் பாதியை இன்றைக்குத்தான் கேட்கிறோம் என்று தெரியும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னிசைக் கச்சேரியின்போது, காதுக்குத் தெரியாத அளவு தாழ்ந்த ஒலியைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஒலி இருந்தபோது ஆடியவர்கள் சராசரியாக 11.8 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். 2022இல் வெளியான முடிவு இது. கீழே ஒலிப்பதன் வேலை அப்படி. உணர்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். இந்த வாத்தியத்தை எடுக்கிறவர் இதற்குச் சம்மதித்துத்தான் எடுக்க வேண்டும். கைதட்டல் வேண்டும் என்றால் வேறு வாத்தியங்கள் இருக்கின்றன.

ரத்தம் என்ற பேச்சு நமக்குப் புதிதும் இல்லை. பறை அடிக்கிறவரைப் பார்த்து 'அவங்களுக்குப் பிறவியிலேயே வர்றது' என்று சொல்கிறோம். தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவதிலிருந்து, பெரியவர்கள் பக்கத்தில் நின்று அடியைப் பிடிப்பது வரை, அந்தப் பையன் கற்ற காலம் முழுக்க அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. சபையில் மிருதங்கம் வாசிப்பவருக்கு மட்டும் 'சாதகம்' என்கிறோம். ஒருவருக்குப் பயிற்சி, இன்னொருவருக்குப் பிறப்பு. கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி அமெரிக்கா பேசியதும் இதே பேச்சுதான்.

அதனால் க்ரூவ் கற்கலாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது, கற்க வருகிறவருக்கு தைரியம் கொடுப்பதற்காக மட்டும் இல்லை. ஏற்கெனவே கற்று முடித்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கி அது. ஜேமர்சனின் விரலைப் புகழ்வதற்கு முன்னால் அந்த விரல் எத்தனை ஆயிரம் மணி நேரம் வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பிறகு மெட்ரோனோமை 40இல் வைத்துவிட்டு உட்காருங்கள்.