கதைக்கு நடுவே ஒரு கேள்வி

ராத்திரி சாப்பாடு முடித்து, பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்து சிண்ட்ரெல்லா கதை சொல்கிறோம். "கூடவே ஆடின இளவரசருக்கு அவ முகம் ஞாபகம் இல்லையா? ஏன் செருப்பை வச்சுத் தேடறார்?" என்று கேட்கிறாள் மகள். நமக்கோ நாளெல்லாம் உழைத்த அசதி. "கதைன்னா அப்படித்தான், கண்ணை மூடு."

அந்தக் கேள்வியில் என்ன தப்பு? இப்படிக் கேட்க ஆசிரியர் வகுப்பில் பழக்கினால், "பாடத்தை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு?" என்று பெற்றோர் கூட்டத்தில் குறைப்படுவதும் நாம்தானே?

கேள்வியே கேட்கக் கூடாத அளவுக்கு இந்தக் கதைகள் கைபடாமல் வந்தவை அல்ல. 1697-இல் பிரான்சில் ஷார்ல் பெரோ அச்சிட்ட சிவப்புக் குல்லாச் சிறுமி கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டபோது வேடன் வந்து காப்பாற்றுகிறான். பிரெஞ்சுக் கிராமங்களில் வாய்வழியாக வந்த ஒரு வடிவத்தில் அவளுக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. வெளிக்குப் போகவேண்டும் என்று ஓநாயிடம் சொல்லி முற்றத்துக்கு வருகிறாள். காலில் அது கட்டிவிட்ட கயிற்றை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு, வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். நம் மகள்களுக்கு இந்தக் கதையை நம்மில் யார் சொன்னோம்?

ஸ்னோ ஒயிட்டும் அப்படியே. கிரிம் கதையில் அவளை எழுப்பியது முத்தம் அல்ல. அவள் கிடந்த பெட்டியைத் தூக்கிப் போனவர்களுக்குக் கால் தடுக்க, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்தது. முத்தம் 1937-இல் வந்த டிஸ்னி படத்தில் சேர்ந்தது.

கதை படுக்கையோடு முடிவதில்லை. மாறுவேடப் போட்டி என்றால் மகளுக்கு இளவரசி கவுன் வாங்குகிறோம், முகத்தில் பவுடரை அப்புகிறோம். ஆசையாகத்தான் செய்கிறோம். மாநிறப் பிள்ளை கண்ணாடி முன் நின்று, பவுடர் படாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாளே, அதைக் கவனித்தோமா? ஓநாய்க்குப் பயந்து அழுகிற மகனிடம், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

கதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிறையச் சொல்வோம். நடுவில் நிறுத்தி, "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்போம், பதில் வரும்வரை காத்திருப்போம். ஹான்சல், கிரெட்டல் கதையில் அண்ணன் அடைபட்டுக் கிடக்க, சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கதவைச் சாத்துபவள் தங்கைதான். அந்த இடத்தை அவசரப்படாமல் சொல்வோம். "அண்ணனுக்குப் பயமா இருந்திருக்குமா?" என்று மகன் கேட்டால், "இருந்திருக்கும்டா, ரொம்பவே" என்று சொல்வோம்.