பொன்னாடை போதுமா?

எமது கிராமங்களில் உள்ளூர் இசையையும் கூத்தையும் வளர்ப்பதற்கெனச் சங்கங்கள் தோன்றிய வண்ணமே உள்ளன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் 'இலாப நோக்கற்றது' என்று கடிதத் தலைப்பில் அச்சிட்டுக்கொள்ளும் நாம், அச்சொல்லின் பொருளைச் சரியாக விளங்கிக்கொண்டோமா?

எமது அனுபவம் ஒன்றையே சொல்வோம். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கிராமத்தில் கலைவிழா நடத்தினோம். பந்தற்காரருக்கு முற்பணம் கொடுத்திருந்தோம். ஒலிபெருக்கிக்காரர் அன்றிரவே காசை எண்ணி வாங்கிச் சென்றார். சாப்பாடு, வாகனம், துண்டுப்பிரசுரம் யாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. மாதக் கணக்காகப் பிள்ளைகளைப் பழக்கிய அண்ணாவியாருக்கு மட்டும் பொன்னாடை போர்த்திச் சான்றிதழ் வழங்கினோம். மறுநாட் காலை அவர் சிரித்தபடி கேட்டார்: "பாதர், மத்தளத்துக்கு வார் மாத்தணும். இந்தப் பொன்னாடைய வெட்டி வார் போட ஏலுமா?"

எம்மிடம் விடை இருக்கவில்லை. நாம் இலாபம் ஈட்டவில்லை என்பது மெய். விழாவின் நட்டத்தை ஓர் ஏழைக் கலைஞரின் தலையில் சுமத்தினோம் என்பதும் மெய்.

இலாப நோக்கற்றது எனில், மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதில்லை என்பதே பொருள். உழைத்தவருக்குக் கூலியில்லை என்பது பொருளன்று. தொண்டர் சமூக சேவை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்தாலென்ன, 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகப் பதிந்தாலென்ன, நிலைமை இதுவே.

உண்மையில் இப்பாடத்தை எமது மூதாதையர் எம்மிலும் நன்றாக அறிந்திருந்தனர். கூத்துக்குச் சட்டங் கொடுப்பது, சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றுவது என்று மாதக் கணக்கில் நீளும் அப்பணியை ஊரே பொறுப்பேற்றது. அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் வழக்கம். களரி ஊருடையது, செலவும் ஊருடையது, அண்ணாவியாருக்கு உரியதைக் கொடுப்பது ஊரின் மானப் பிரச்சினை. கூட்டுறவு என்ற சொல்லை நாம் கற்பிக்கப் போகுமுன்னரே அது அங்கே இருந்தது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு, விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். படித்தவர்கள் ஏளனம் செய்த கலைக்கு அதனால் மதிப்புக் கிடைத்தது. அத்தொண்டு பெரிது. ஆனால் இன்றைய செயற்றிட்டங்கள் அந்தச் சுருக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டன. ஒரு மணிநேர ஆற்றுகைக்கு நிதி உண்டு. அதற்கு முந்திய மாதங்களுக்கு நிதி இல்லை. கதிரைக்குப் பணம் உண்டு, கற்பித்தலுக்கு இல்லை. விளைச்சலுக்கு விழா எடுத்துவிட்டு, விதைநெல்லை மறந்த கமக்காரரின் கதைதான் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். மேடையில் பறைமேளத்தை 'எமது பாரம்பரியம்' என்று கைதட்டி வரவேற்கிறோம். மரண வீட்டில் அதே கலைஞரை எங்கே இருத்துகிறோம்? எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுக்கிறோம்? அவருடைய மகன் பறையைத் தொட மறுத்தால், இளைஞருக்குக் கலையில் பற்றில்லை என்று குறைசொல்ல எமக்கு உரிமையில்லை. தகப்பன் பட்ட அவமானத்தை அவன் மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அவமானத்தை நீக்காமல் பறையைப் பாதுகாக்கப் புறப்படுவது வெறும் காட்சிப்படுத்தல்.

ஆகவே சங்கங்களை நடத்தும் அன்பர்களின் முன் மூன்று ஆலோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரி கலைஞரின் ஊதியமாக இருக்கட்டும். பழக்கும் மாதங்களுக்கும் வாத்தியத் திருத்தத்துக்கும் அதில் இடம் வேண்டும். மிஞ்சினால் அலங்காரம்.

இரண்டாவது, நிர்வாகக் குழுவில் அண்ணாவியாரும் மேளக்காரரும் பெண் பாடகியரும் இருக்கட்டும். கௌரவ உறுப்பினராக அல்ல, வாக்களிக்கும் உறுப்பினராக. கணக்கறிக்கை ஊர்க்கூட்டத்தில் உரத்து வாசிக்கப்படட்டும்.

மூன்றாவது, ஒலி, ஒளிப் பதிவு செய்யுமுன் கலைஞரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் ஆற்றுவோரின் உரிமைகளையும் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. கையிலுள்ள தொலைபேசியில் பதிந்து உலகெங்கும் அனுப்பும் இக்காலத்தில், அந்தச் சட்டத்தைக் கிராமத்துக்கு விளக்குவதும் எமது பணியே.

நிதி குறைவு என்று சிலர் சொல்வர். உண்மைதான், 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் எல்லாச் சங்கங்களும் தடுமாறின. அப்படியானால் மூன்று விழாக்களை ஒன்றாகக் குறைப்போம். அந்த ஒன்றிலாவது எவரும் வெறுங்கையோடு வீடு திரும்பாதிருக்கட்டும்.

பொன்னாடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் மத்தளத்துக்கு வார் போடுவோம். பிறகு தோளுக்குப் பொன்னாடை போர்த்துவோம்.