போராளிக்கு வாக்கில்லை

எமது அரசியல் மேடைகளில் அதிகம் செலவாகும் சொல் 'போராளி'. சுவரொட்டி ஒட்டுபவன் போராளி. கொடி கட்டுவதற்கு மின்கம்பத்தில் ஏறுபவன் போராளி. தலைவரின் வாகனம் ஊர் எல்லைக்குள் நுழையும்போது பட்டாசு கொளுத்தி 'நாரே தக்பீர்' முழங்குபவனும் போராளிதான். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் தன் தொண்டர்களை அவ்வாறு அழைத்த காலத்தில் அச்சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. இன்று அந்தப் போராளியைச் சந்தியில் நிறுத்தி, "உங்கட கட்சித் தலைவரை நீங்க எப்ப வாக்களிச்சுத் தெரிவுசெய்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மேல பாக்கிற வேலை, சேர்" என்பார். எனக்குப் பலமுறை கிடைத்த பதில் இது.

நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய அவருக்கு வாக்குண்டு. பிரதேச சபை உறுப்பினரைத் தெரிவுசெய்ய வாக்குண்டு. இளமை முழுவதையும் கொடுத்த கட்சிக்குள் மாத்திரம் அவருக்கு வாக்கில்லை. தலைவரை நியமிக்கவும் முடியாது. வேட்பாளரை முன்மொழியவும் முடியாது. பாராளுமன்றத்தில் தன் பெயரால் உயர்த்தப்பட்ட கைக்குக் கணக்குக் கேட்கவும் முடியாது. எமது சமூக அரசியலின் நோய் இங்குதான் இருக்கிறது. தனிமனிதர்களைத் திட்டித் தீர்ப்பதால் இந்நோய் மாறாது.

கட்சித் தலைமையின் பலம் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பேச்சுத் திறனும் சட்டத்தரணிப் பட்டமும் அதில் சிறு பங்குதான். மீதி, சட்டம் கொடுத்த மூன்று சாவிகள். முதலாவது வேட்புமனு. அதில் யாருடைய பெயர் இடம்பெறும் என்பது கட்சியின் கையில். ஏழு ஆசனங்கள் கொண்ட திகாமடுல்ல மாவட்டத்தில் ஒரு கட்சி பத்துப் பெயர்களைக் கொடுக்கலாம். வெல்லும் வாய்ப்புள்ளவர்கள் இருவரோ மூவரோதான். மற்றவர்கள் தத்தமது ஊரின் வாக்கை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதற்கு நிறுத்தப்படுபவர்கள். இரண்டாவது சாவி தேசியப்பட்டியல். 225 ஆசனங்களில் 29 ஆசனங்களுக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. கட்சியின் செயலாளர் பெயர் கொடுக்கின்றார். மூன்றாவது, அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் தன் ஆசனத்தையும் இழப்பார். உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாததாக்கினால் மாத்திரமே தப்பலாம். முஸ்லிம் காங்கிரஸ் தன் மட்டக்களப்பு உறுப்பினரை நீக்கியது செல்லுபடியாகும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அமைச்சராக இருந்த அவர் பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார்.

தவறியவரைத் தலைமை தண்டிக்கலாம் என்பதைக் காட்டிய தீர்ப்பு அது. நல்லது. தலைமை தவறினால் ஊர் என்ன செய்யலாம்? அதற்கு எந்த உறுப்புரையும் இல்லை; கட்சியின் யாப்புத்தான் வழி சொல்ல வேண்டும். அந்த யாப்பைக் கண்ணால் கண்ட கிளை உறுப்பினர் எத்தனை பேர்?

1981இல் காத்தான்குடியில் கருக்கொண்டு, 1986இல் அரசியல் கட்சியாக உருமாறிய முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 17 ஆசனங்களைப் பெற்றது. துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாக்கைச் சேர்த்தவர்கள் கமக்காரர்களும் மீனவர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்களும்தான். ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளி அதே ஆண்டு டிசம்பரில் 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும், 1989இல் நான்கு பேர் பாராளுமன்றம் சென்றதும் அந்த அடித்தளத்தின் மீது நின்று கொண்டுதான். பேரம் பேசும் சக்தி என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்டதன் முதலீடு, ஊரவனின் உழைப்பு.

ஆயினும் உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருந்தலைவரின் காலத்திலும் கிளைக்கு அதிகாரம் இருக்கவில்லை. அவர் மீதிருந்த நம்பிக்கை அக்குறையை மூடி மறைத்திருந்தது. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அவரது ஹெலிகொப்டர் அரநாயக்க மலையில் வீழ்ந்தபோது மூடி கழன்றது. அடுத்த தலைவரைத் தொண்டர்கள் தெரிவுசெய்யும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ரவூப் ஹக்கீமும் பேரியல் அஷ்ரபும் இணைத்தலைவர்கள் என்றானது. சிறிது காலத்துக்குள் அதுவும் உடைந்தது. ஒரு பக்கம் முஸ்லிம் காங்கிரஸ், மறுபக்கம் தேசிய ஐக்கிய முன்னணி. பின்னர் அதாவுல்லா ஒரு கட்சி. ரிஷாட் பதியுதீன் இன்னொரு கட்சி. பிரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்று: தலைமை எவரையும் கேட்காமல் முடிவெடுக்கின்றது. சரி, அவர்கள் அமைத்த கட்சிகளில் யாரைக் கேட்டு முடிவெடுக்கின்றார்கள்? முஸ்லிம் காங்கிரஸின் தலைமை கால் நூற்றாண்டாக ஒருவரிடம். பின்னர் பிரிந்த இரு கட்சிகளின் தலைமையோ அவற்றைத் தொடங்கியவர்களிடமே. அச்சு ஒன்று, கல் மாத்திரம் வேறு வேறு.

கிளையைக் கேட்காததன் விலை என்ன? 2010 செப்டெம்பரில், ஜனாதிபதி ஒருவர் எத்தனை முறையும் போட்டியிடலாம் என்று வழிதிறந்த 18ஆவது திருத்தத்துக்கு, எதிரணியில் போட்டியிட்டு வென்ற முஸ்லிம் காங்கிரஸின் எட்டு உறுப்பினர்களும் ஆதரவளித்தனர். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் வந்தது. கட்சியின் ஐந்து உறுப்பினர்களில் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். ஏனைய நால்வரும் ஆதரித்தனர். எமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. கபன் துணியோடு வைத்தியசாலை வாசலில் நின்ற தந்தைமார் வாக்களித்து அனுப்பியவர்களின் கைகள்தான் அன்று உயர்ந்தன. நால்வர் தலைவரை மீறினார்களா, தலைவர் தெரிந்தே விட்டுவிட்டாரா என்று ஊர் கேட்டது. இரண்டுக்கும் ஆள் ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். எந்த ஊரின் கிளையும் இதற்கெனக் கூட்டப்பட்டு அபிப்பிராயம் கேட்கப்பட்டதாக நான் அறியேன். அடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரியில்தான் கிடைத்தது.

தேசியப்பட்டியலின் கதையும் அவ்வாறானதுதான். 2015 ஓகஸ்ட் தேர்தலின் பின் கிடைத்த இரண்டு ஆசனங்களும் 'தற்காலிகமாக' இருவரிடம் கொடுத்து வைக்கப்பட்டன. ஒன்று அடுத்த ஆண்டு திருகோணமலைக்குப் போனது. அட்டாளைச்சேனை தன் முறைக்காக 2018 வரை காத்திருந்தது. ஓர் ஊருக்கு எம்.பி. கிடைப்பது நியாயமா இல்லையா என்பது எனது வாதமல்ல. ஒரு பாராளுமன்ற ஆசனம், அடகுக் கடையில் வைத்த நகைபோல, யாருடைய கையில் எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமல் கிடந்தது என்பதுதான் கேள்வி. விதி இல்லாத இடத்தில் வாக்குறுதி பிறக்கும். வாக்குறுதி பல ஊர்களுக்குக் கொடுக்கப்படும். பின்னர் ஊருக்கு ஊர் பகைக்கும். நிந்தவூரானும் சம்மாந்துறையானும் கல்முனையானும் பொத்துவிலானும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் பிரதேசவாதம் என்று பெயர் வைத்து மக்களைக் கண்டிக்கின்றோம். அதை வளர்த்தது மேலிருந்து ஊருக்கு ஊர் இரகசியமாக எறியப்பட்ட வாக்குறுதி.

உள்ளே பேச இடமில்லாதவன் வெளியே போய்ப் பேசுவான். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் சாய்ந்தமருது அதைத்தான் செய்தது. தனியான உள்ளூராட்சி சபை கேட்டு அலுத்துப்போன ஊர், பள்ளிவாசலின் வழிகாட்டலில் சுயேச்சைக் குழுவை நிறுத்தித் தன் வட்டாரங்களைக் கைப்பற்றியது. அக்கோரிக்கையை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் கட்சிக் கிளையில் தீர்க்கப்பட வேண்டிய விடயம் பள்ளிவாசல் முன்றலுக்கு வந்தது ஏன் என்று எந்தக் கட்சியாவது தன்னைக் கேட்டுக்கொண்டதா?

கிளை என்றால் என்ன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கின்றேன். எங்கள் ஊரில் பல கட்சிகளுக்குக் கிளைகள் உண்டு. எந்தக் கட்சி என்பது இங்கு முக்கியமில்லை. ஒரு புனரமைப்புக் கூட்டம். கதிரைகள் நிரம்பியிருந்தன. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள் எழுவர். வாசித்து முடிந்ததும் தக்பீர். 'ஏகமனதாக' என்று குறிப்பெழுதப்பட்டது. பின்வரிசையில் ஒரு மீன் வியாபாரி எழும்பி, "பேரை ஊருல கேக்காம எங்க இருந்து எடுத்த?" என்றார். பக்கத்திலிருந்த இளைஞன் அவரது சாரனைப் பிடித்து இழுத்து, "காக்கா, இருங்க. லிஸ்ட் மேல இருந்து வந்திட்டு" என்றான். பிறகு சாப்பாடு. அந்தக் குழு அடுத்த தேர்தல் வரை ஒருமுறையும் கூடவில்லை.

இவ்வளவுக்கும் கூடித் தெரிவுசெய்வது எமக்குப் புதிய வழக்கமா? கிழக்கிலே எமது முன்னோர் குடிக்கு ஒரு மரைக்காரைத் தெரிந்து பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அனுப்பினார்கள். குடியின் குறையை அவர் சபையில் சொல்ல வேண்டும். பெரும்போகத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது என்று கமக்காரர்கள் கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றார்கள். வட்டவிதானை யார் என்பதையும் வட்டையில் உள்ளவர்கள்தான் சொல்கின்றார்கள். பாடசாலையில் நாங்கள் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடத்துகின்றோம். வேட்புமனு, பிரசாரம், வாக்குச்சீட்டு, எண்ணும் நிலையம் எல்லாம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வகுப்புப் பிரதிநிதியை இரகசிய வாக்கால் தெரிவுசெய்துவிட்டு வீடு போகின்றது; அதன் வாப்பாவோ முப்பது வருடம் கொடி பிடித்த கட்சியில் தக்பீர் சொல்லும் உரிமையை மாத்திரம் வைத்திருக்கின்றார்.

இரண்டு பதில்கள் வரும் என்பது தெரியும். ஒன்று, சிறுபான்மைச் சமூகம் நெருக்கப்படும் வேளையில் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது. நெருக்கடி இல்லாத வேளை எமக்கு எப்போது இருந்தது? 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோம். 2014இல் அளுத்கமவும் 2018இல் திகனயும் எரிந்தன. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின் சமூகம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளானது. இவை முடியும் வரை வாய்மூடியிரு என்றால் கியாமத் வரை மூடியிருக்க வேண்டியதுதான். பேசவிடாமல் காத்த ஒற்றுமை எங்களுக்குத் தந்தது என்ன? ஒரு கட்சி பலவானது.

மற்றது மார்க்கத்தின் பெயரால் வரும் பதில்: தலைமைக்குக் கட்டுப்படு. மஷூராவின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கின்றது என்பதை மேடையில் ஓதும் மௌலவிமார் அறிவார்கள். பொறுப்பேற்ற முதல் நாளிலேயே, தவறினால் என்னைத் திருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டவர் அபூபக்கர் (ரழி) அவர்கள். கட்டுப்படுதலை மாத்திரம் எடுத்துக்கொண்டு திருத்துதலை விட்டுவிடுவது, கணக்குப் பாடத்தில் கூட்டலை மாத்திரம் படிப்பிப்பது போன்றது.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்கள் என்ற ஏற்பாடு 2018இல் நடைமுறைக்கு வந்தபோது, கட்சிகள் பெயர் தேடி வீடு வீடாக அலைந்தன. அதுவரை எந்தக் கிளையிலும் அவர்களுக்குக் கதிரை போடாததால் வந்த அலைச்சல் அது. தேர்தல் தினத்தில் வரிசையில் பாதிக்கு நிற்பவர்கள் அவர்கள்தான்.

இனி, இச்சஞ்சிகையை வாசிக்கும் எங்களுக்கு. கவிதை வெளியீட்டு விழாவென்றால் பிரதம அதிதி அரசியல்வாதி. முதற்பிரதி அவருக்கு, பொன்னாடை அவருக்கு, வாழ்த்துப்பா அவருக்கு. அவர் வர இரண்டு மணித்தியாலம் பிந்தினால் சபை காத்திருக்கும். மூத்த எழுத்தாளர் பேச எழும்பினால் நேரமில்லை என்று துண்டு வரும். அஷ்ரப் தானும் கவிஞராக இருந்தவர். அவருக்குப் பின்னர் எத்தனை இரங்கற்பாக்களை எழுதினோம்! அவரது கட்சி எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்று எத்தனை கட்டுரை எழுதினோம்? யாப்பிலக்கணத்துக்காகச் சண்டை பிடிக்கும் எங்களுக்குக் கட்சி யாப்பின் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்க மனம் வரவில்லை.

கேட்க வேண்டியவை பெரிதல்ல. ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர் பதிவேட்டைப் பகிரங்கமாக வைக்கட்டும். கிளை நிர்வாகத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவ்வுறுப்பினர்கள் இரகசிய வாக்கால் தெரிவுசெய்யட்டும். வேட்பாளர் பெயரைக் கிளைகள் முன்மொழியட்டும். தேசியப்பட்டியலின் ஒழுங்கும் காலமும் வேட்புமனுவுக்கு முன்னரே எழுத்தில் வரட்டும். அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று வந்தால், கை உயர்த்துவதற்கு முன் மாவட்ட மட்டத்திலேனும் பேராளரைக் கூட்டட்டும். தலைமைப் பதவிக்கு ஒரு கால எல்லை இருக்கட்டும்.

2024 நவம்பரில் திகாமடுல்லயின் ஏழு ஆசனங்களில் நான்கு தேசிய மக்கள் சக்திக்குப் போயின. முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று, மக்கள் காங்கிரஸுக்கு ஒன்று. சமூகம் துரோகம் செய்துவிட்டது என்று சிலர் மேடையில் அழுதார்கள். கட்சிக்குள் வாக்கில்லாதவன் கட்சிக்கு வெளியே தன்னிடமிருந்த ஒரே வாக்கைப் பாவித்தான். அடுத்த தேர்தலுக்கு இன்னும் காலமிருக்கின்றது. தலைவர்கள் ஊருக்கு வரும்போது மாலையோடு போகிறவர்கள் போகட்டும். யாப்பின் ஒரு பிரதியைக் கேட்டு நாலு பேராவது போங்கள்.