கசப்பைப் பழக்க ஒரு பாட்டி வீடு

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பும் தாய்மார்கள், துணிப்பையோடு இன்னொரு பையும் கட்டிக் கொடுக்கிறார்கள். உள்ளே பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ். கேட்டால், "அங்கே சாப்பாடு இவனுக்குப் பிடிக்காது டாக்டர்" என்கிறார்கள். அந்தப் பை வீட்டிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அறுசுவையில் இனிப்பை யாரும் சொல்லித் தர வேண்டாம். பிறந்த குழந்தைக்கே பிடிக்கும். கைப்பும் துவர்ப்பும் பழகித்தான் வர வேண்டும். புதுச் சுவை ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8, 10 தடவையாவது அது தட்டில் வந்து போக வேண்டும் என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற வீட்டில் இது நடக்குமா? பாகற்காயை ஒரு தடவை துப்பினால் மறுநாள் உருளைக்கிழங்குதான்! பாட்டிக்கு அந்த அவசரம் கிடையாது. சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூவைச் சேர்த்து உலர்த்தும்போது, பேத்தியும் கூட உட்கார்ந்து குச்சி பொறுக்குவாள். தான் காயவைத்த பூவை நெய்யில் வறுத்து ரசத்தில் போட்டால், ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்ப்பாள். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளிக் கீரை எல்லாம் இப்படித்தான் உள்ளே போகும். தாத்தா அதை ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதே பாதிப் பாடம். 'சாப்பிட்டால் சாக்லேட்' பேரமெல்லாம் வேண்டாம்.

செடி கொடிகளும் அப்படியே. சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் வகுப்பில் நாங்கள் படித்த கீழாநெல்லியை, கிராமத்துத் தாத்தா ஒரே நிமிடத்தில் காட்டிவிடுவார். இலையைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்! அரளியையும் ஊமத்தையையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் கூடவே சொல்லித் தருவார்.

அதற்காகப் பாட்டி செய்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவதும், 1 வயதுக்குள் தேன் தடவுவதும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் நரம்பைத் தாக்கும். பேரன் வருகிறான் என்றால் தாத்தாவின் மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையை மயக்கத்தில் தள்ள.

இரண்டு நாள் போய்விட்டு ஓடி வந்தால் எதுவும் பழகாது. 10 நாளாவது விடுங்கள். முதல் மூன்று நாள் போனில் அழுவான். 'நூடுல்ஸ் வாங்கி அனுப்பட்டுமா கண்ணு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.