துடுப்புக்காரருக்கு எதற்கு மரியாதை?

இலக்கியம் பேசும் இடத்தில் கடல் விளையாட்டுக் கடைகளைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நெய்தல் திணையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவிட்டு, நாற்பத்தாறாம் வயதில்தான் முதன்முறையாகக் கரையை விட்டு இருநூறு கஜம் தள்ளிப் போனோம். போனது எளிதாக இருந்தது. திரும்பி வந்ததுதான் பெரும்பாடாகிவிட்டது. அதற்குக் காரணம் கடலன்று, கடை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இன்று அலைச்சறுக்குப் பள்ளிகளும் கடைகளும் பெருகிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு (பெயர் வேண்டாம், ஒன்றைத் திட்டினால் மற்றவை தப்பித்துவிடும்) ஓர் ஆடி மாதக் காலையில் துறை நண்பர்கள் இருவருடன் போயிருந்தோம். அலைச்சறுக்குக்கு நம் முழங்கால்கள் ஒத்துழையா. ஆதலால் 'ஸ்டாண்ட் அப் பேடில்' எனப்படும் துடுப்புப் பலகையைக் கேட்டோம். அகன்ற பலகையின் மீது நின்றுகொண்டு நெடிய ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்வது. கேட்ட மாத்திரத்தில் கல்லாவிலிருந்த இளைஞரின் முகத்தில் ஓடிய அலுப்பை நாம் நன்கு அறிவோம். முதலாண்டு மாணவன் "இந்தப் பாடம் தேர்வுக்கு வருமா ஐயா?" என்று கேட்கும்போது நம் முகத்தில் ஓடுவதும் அதுதான்.

"அது சும்மா நின்னுக்கினு போறதுதான் அங்கிள். கத்துக்க ஒண்ணுமில்ல" என்றார்.

அலைச்சறுக்குக்கு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு மணலில் படுக்க வைத்து எழும்பப் பழக்கினார்கள், கடலைக் காட்டி விளக்கினார்கள், ஒவ்வொருவருக்கும் பெயர் கேட்டுக் கைகொடுத்தார்கள். நமக்குக் கொட்டகையின் பின்புறத்திலிருந்து மூன்று காற்றடைத்த பலகைகள் வந்தன. அவற்றில் ஒன்று பாதிக் காற்றோடு நடுவில் குழிந்து வாழைப்பழம் போல் வளைந்து கிடந்தது. மூவருக்கும் ஒரே உயரத்தில் துடுப்பு. நம்மில் ஒருவர் ஐந்தடி இரண்டங்குலம், மற்றொருவர் ஆறடி. துடுப்பு ஆளின் தலைக்கு மேல் ஒரு சாண் அளவு நீண்டிருக்க வேண்டும் என்பதையோ, நீட்டவும் குறைக்கவும் அதில் ஒரு பூட்டு உண்டு என்பதையோ ஒருவரும் சொல்லவில்லை. மிதவை அங்கியின் கொக்கி உடைந்திருந்தது. "ஆழமில்ல சார்" என்றார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் கையொப்பம் வாங்க மட்டும் மறக்கவில்லை. எது நேர்ந்தாலும் கடை பொறுப்பன்று என்பது அதன் சாரம்.

துடுப்பின் அலகு தண்டிலிருந்து சற்றே வளைந்திருக்கும். பார்த்தால் நீரை அள்ளுவதற்கேற்ப நம்மை நோக்கி வளைய வேண்டும் என்று தோன்றும். உண்மையோ நேர்மாறு, வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். நாம் அரைமணி நேரம் தலைகீழாகப் பிடித்துத் துழாவிக்கொண்டிருந்தோம். கரையிலிருந்து சிரிப்பு கேட்டது. சிரித்தவர்கள் கடைக்காரர்களே. அறியாமையைக் கண்டு சிரிக்கும் உரிமை எவருக்கும் உண்டு. கற்பிக்கக் காசு வாங்கியவருக்கு மட்டும் அது கிடையாது.

அதற்குள் காற்று தன் வேலையைத் தொடங்கியிருந்தது. தென்மேற்குப் பருவத்தில் நம் கரையில் காலை வேளைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். பழந்தமிழ் 'கோடை' என்று பெயரிட்டது இந்த மேல்காற்றைத்தான். கரையோரம் கடல் தட்டாகக் கிடக்கும், பழகுவதற்கு இதைவிட நல்ல நாளில்லை என்று தோன்றும். நின்ற நிலையில் இருக்கும் மனித உடல் ஒரு பாய். பாய்க்கு என்ன வேலையோ அதை நம் உடல் செய்தது. மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ கைகளால் துழாவினால் காற்றின் பிடி பாதியாகக் குறையும் என்று பிற்பாடு அறிந்தோம். முன்பே அறிந்திருந்தால், வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு நம்மைக் கயிறு கட்டிக் கரை சேர்த்திருக்க வேண்டியதில்லை. படகிலிருந்த முதியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "காத்து கரையிலேர்ந்து அடிக்குதே, கடையில சொல்லலியா சார்?"

சொல்லவில்லை ஐயா. கத்துக்க ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

இது நம் ஊர்க் கடைகளின் குணம் மட்டுமன்று. அலைச்சறுக்கு வணிகம் வேரூன்றிய இடங்களில் எல்லாம் துடுப்புக்காரர் இரண்டாந்தர மனிதரே. கலிபோர்னியா, ஹவாய்ப் பக்கத்தில் அவர்களை 'ஸ்வீப்பர்', 'ஜானிட்டர்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. துடைப்பம் பிடித்தவர் என்று ஏளனம். ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமானால் உழைப்பாளி ஒருவரின் தொழிற்பெயரைத் தூக்கிப் போர்த்தும் இந்தத் தந்திரம் நமக்குப் புதிதன்று. வைவது யார் என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு தோன்றியதே வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்வதற்காகத்தான். ஹவாயின் வைகிகிக் கடற்கரையில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்த உள்ளூர் ஆசிரியர்கள் தம் பலகைகளின் மேல் துடுப்புடன் எழுந்து நின்றார்கள். நின்றால்தான் தொலைவில் எழும் அலை தெரியும், தம் மாணவர் யார் எங்கே தடுமாறுகிறார் என்பதும் தெரியும். பின்னர் 2000ஆம் ஆண்டை ஒட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற பெயர்பெற்ற அலைவீரர்கள் துடுப்பைக் கையிலெடுத்த பிறகே அது உலகெங்கும் பரவியது. மாணவன் மீது கண் வைப்பதற்காக நிமிர்ந்து நின்ற ஆசிரியனின் வழித்தோன்றல்தான் இந்தப் பலகை. அதைக் கேட்டு வருகிறவரிடம் முதுகைக் காட்டுகின்றன இன்றைய கடைகள்.

அலைச்சறுக்காளர்களின் குறை முற்றிலும் பொய்யென்று நாம் வாதிடவில்லை. துடுப்புக்காரர் நின்றபடியே தொலைவு வரை பார்க்கிறார். அலை உடைவதற்கு வெகு முன்பாகவே அதைப் பிடித்துவிடுகிறார். வரிசையில் காத்திருப்பவருக்கு மிச்சமில்லை. அதோடு பத்தடிக்கு மேல் நீண்ட பலகை பிடி தவறி உருண்டு வந்தால் அடுத்தவர் மண்டை பிளக்கும். கோபம் நியாயமானதே. ஆனால் அந்த மனிதரை ஒன்றும் சொல்லித்தராமல் அலைக்குள் அனுப்பியது யார்? அலை உடையும் இடத்தை விட்டு விலகிப் போ, முன்பே காத்திருப்பவருக்கு வழி விடு, பலகையை நழுவ விடாதே என்று மூன்று வாக்கியம் பேச வேண்டிய இடம் கடைவாசல். அங்கே பேசாதிருந்துவிட்டு, அப்புறம் நீரில் வைது தீர்ப்பது எந்த ஊர் நியாயம்?

அவமதிப்பு என்பதோடு இது முடிந்திருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சீண்டப்பட்ட தன்மானத்துக்கு ஒரு காபி போதும். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில் நடந்ததைப் படித்த பிறகுதான் கை நடுங்கியது. மழையால் பெருகி ஓடிய கிளெத்தாவ் ஆற்றில், கட்டணம் வாங்கி அழைத்துச் செல்லப்பட்ட துடுப்புப் பலகைக் குழு ஒன்று தடுப்பணையின் மேல் அடித்துச் செல்லப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள். வழியில் அப்படியோர் அணை இருக்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்று அவர்களுக்கு முறையாகச் சொல்லப்படவே இல்லை. ஓடும் நீருக்கு உகந்த இடுப்புக் கயிறும் அவர்களிடம் இல்லை. நிறுவனத்தை நடத்தியவர் பெற்றிருந்த பயிற்சித் தகுதி அத்தகைய ஆற்றுக்கு எவ்விதத்திலும் போதாதது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அலைச்சறுக்கில் பலகையைக் கணுக்காலோடு கட்டுவார்கள். விழுந்தால் பலகை ஓடிப்போகாது, அடுத்தவரைத் தாக்காது. கடல் அலைக்கு அது சரி. ஓடும் நீரில் அதே கயிறு தூக்குக் கயிறாகிவிடும். பலகை ஒரு தூணின் இந்தப் பக்கமும் ஆள் அந்தப் பக்கமுமாகச் சிக்கினால், நீரின் வேகம் உடலை நீட்டி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குனிந்து கணுக்காலை எட்டுவதற்கு மனித முதுகெலும்பால் ஆகாது. ஆகவேதான் ஓடும் நீரில் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பிடியை வைக்கிறார்கள். இப்போது நம் முட்டுக்காட்டை நினைத்துப் பாருங்கள். உப்பங்கழி, பாலத் தூண்கள், வலை கட்ட நட்ட கழிகள், முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடலை நோக்கி இழுக்கும் நீர். அங்கேயும் கணுக்கால் கயிற்றோடு ஆட்களை இறக்கிவிடுவதை நாம் கண்ணால் கண்டோம். "அமைதியான தண்ணி, குழந்தைகூடப் போகலாம்" என்பது அதற்கான சிபாரிசு.

அலைப்பலகையும் துடுப்புப் பலகையும் ஒரே கடையில் ஒரே சுவரில் சாய்ந்து நிற்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று கடைக்காரர் எண்ணிவிடுகிறார். அலைப்பலகை கரையோடு விளையாடி முடித்துக்கொள்ளும். துடுப்புப் பலகையோ ஒரு கலம். ஆளை ஏற்றிக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போகும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008லேயே, அலை உடையும் பகுதிக்கு வெளியே அதை ஒரு கலமாகவே கொள்ள வேண்டும், மிதவை அங்கி உடன் இருக்க வேண்டும் என்று வகுத்துவிட்டது. யார் இதை ஆள்வது என்பதில் அலைச்சறுக்குச் சம்மேளனமும் படகுப் பந்தயச் சம்மேளனமும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ச் சண்டையிட்டன. 2020இல் ஒலிம்பிக் நிலையிலான உரிமை அலைச்சறுக்குச் சம்மேளனத்துக்கே என்று தீர்ப்பாயிற்று. உரிமை கொண்டாட நீதிமன்றம் வரை போவார்கள்; கடையில் ஒரு கொக்கியைத் தைத்துக் கொடுக்க ஆளில்லை.

'கலம்' என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கல்லாவிலிருந்த இளைஞர் குப்பத்துப் பிள்ளை. இந்தத் தலைமுறை மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் அடைந்திருக்கும் உயரம் நமக்குப் பெருமிதம் தருவது. தேசிய அளவில் துடுப்புப் பலகைப் போட்டிகளை வென்றவர்களும் இவர்களுள் உண்டு. அதனால்தான் வருத்தம் கூடுகிறது. இவர்களுடைய பாட்டன்மார் கட்டுமரத்தின் மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பிட்டு அலைகடந்து போனவர்கள். ஐரோப்பிய மாலுமிகள் சோழமண்டலக் கரையில் கண்டு வியந்து, 17ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லைத் தம் மொழிக்குள் வாரிக்கொண்டு போனார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் எந்தப் பாட்டனும் மரத்தை நீரில் இறக்கியதில்லை. வடக்கிலிருந்து இழுப்பது வன்னி, தெற்கிலிருந்து இழுப்பது தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர் வைத்திருந்த மரபு அது. அந்த அறிவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பேரன் ஆங்கிலத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனை மட்டும் குறை சொல்வதும் அநியாயம். கடை முதலாளிகள் பலர் நகரத்தவர். அலையில் சாகசம் செய்யும் படந்தான் விளம்பரத்துக்கு ஆகும். தொப்பை தள்ளிய நடுவயதுப் பேராசிரியர் தட்டுத்தடுமாறி நிற்கும் படத்தை யார் சுவரில் மாட்டுவார்?

நாமும் யோக்கியர்களல்லர். ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்றைக் கையில் வைத்திருந்த மாணவியிடம், "இதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்று வகுப்பே கேட்கும்படி சொல்லியிருக்கிறோம். அவள் அதன்பின் நூலகத்தில் நம் கண்ணில் பட்டதில்லை. அந்தச் சொல்லின் எடை கடையின் கொட்டகையில் நிற்கும்போதுதான் நமக்குத் தெரிந்தது. சிற்றிதழ்க்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், பேராசிரியர்கள் என்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு கல்லாவின் பின்னால் உட்கார்ந்து இதே அலுப்பு முகத்தைக் காட்டுகிறவர்கள்தாம். ஆனால் நம் அலுப்பால் ஒருவர் ஒரு நூலை இழப்பார். கடற்கரையில் அதன் விலை வேறு.

ஐப்பசி மழைக்கு முன் மறுபடி போவதாக இருக்கிறோம். நண்பர்கள் இருவரும் வர மறுத்துவிட்டார்கள். நம் வீட்டிலும் எதிர்ப்பு. பிடி இழுத்தால் கழலும் இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கிவிட்டோம், ஒரு ஊதலும். கடையில் கேட்கப் போவது இவ்வளவுதான்: பலகையில் முழுக்காற்று இருக்கிறதா, அங்கியின் கொக்கி பூட்டுகிறதா, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதென்றால், பணத்தைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு அந்த முதியவரின் படகு நிற்கும் இடத்துக்கு நடப்போம்.