பீப்பாவுக்கு ஒரு நியாயம், லயத்துக்கு ஒரு நியாயமா?

முப்பது வருசம் ஓக் பீப்பாவில் கிடந்த சிங்கிள் கிரெய்ன் ஸ்கொட்ச்சை உறிஞ்சினால் அது ரசனை. வத்தேகமப் பக்கம் லயத்துத் தாத்தா கால் போத்தல் சாராயம் எடுத்தால் அது 'தோட்டத்துக் குடி'. என்னங்க இது?

கிரெய்ன் விஸ்கி பிறப்பிலேயே பிரபு இல்லை. 1830இல் ஏனியஸ் கொஃபி காப்புரிமை பெற்ற வடிகலனின் வழியில், கோதுமையிலோ சோளத்திலோ மலிவாக வடிப்பது. பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்குள் பெயரில்லாமல் போய்விடும், நம்ம கொழுந்து தேயிலைப் பெட்டிக்குள் போற மாதிரி. ஒதுக்கி வைத்த சில பீப்பாக்களுக்குத்தான் மரமும் காலமும் வனிலா, தேங்காய் வாசம் கொடுக்கின்றன. நல்ல தென்னஞ்சாராயமும் ஹல்மில்ல மரப்பீப்பாவில் அப்படித்தான் ஊறுது. அதை யாரும் கொண்டாடக் காணோம்.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது சிதைத்த வீடுகளைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். அவர் ஊர்ப் பீப்பா முப்பது வருசம் கிடந்தால் மரியாதை. இருநூறு வருசமாக இந்த மலையில் கிடக்கிற சனத்தில் பெரும்பாலானோருக்கு இன்னும் காணி உறுதிகூட இல்லை. வயசுக்கு மதிப்புக் கொடுக்கிறதென்றால், முதலில் அங்கே கொடுங்க.